பூப்போட்ட ஹீட்டரைத் திருப்பிக் கேட்டபோது

மின்சாரச் சாமான் கடையில் விற்பது ஒரு வேலையே இல்லை. விற்றதைத் திருப்பிக் கேட்பதுதான் வேலை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாங்கும்போது "நம்பலாமா, உழைக்குமா" என்று நம்மைக் குடைந்தெடுக்கிற அதே வாய், "இது கெட்ட சாமான், கொடுத்துவிடுங்கள்" என்று நாமே வாசலில் போய் நிற்கும்போது, "எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்று சாதிக்கும்.

நான் யாங்கூனில், பபேடானில், காசிம் பாயின் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் போட்டாதாங்கில் சரக்குக் கிடங்கொன்றில் குமாஸ்தாவாக இருந்து போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் கடல் தாண்டிப் போனார்கள். கல்லூரியில் படித்ததையெல்லாம் வீட்டுச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்த எனக்குப் பாய்தான் இந்த நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார். அவருக்கு நான் டீச்சரம்மா, பர்மியர்களுக்குச் சயாமா. ஒரு நாளும் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. கண்ணாடி போட்ட கிழவியை இந்த ஊரில் வேறெப்படியும் கூப்பிட மாட்டார்கள். நாள் முழுவதும் மனிதக் குரல் கேட்கும் இடம் எனக்கு இது ஒன்றுதான். ஆகவே கடைக்குச் சீல் வைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, பாய் சரக்கை நினைத்துப் பயந்தார். நான் நாற்காலியை நினைத்துப் பயந்தேன்.

தானாக அணையும்

மழை ஓய்ந்து, காலைக் குளியலுக்குத் தண்ணீர் குளிரத் தொடங்கும் மாதத்தில் அந்த ஹீட்டர்கள் வந்து இறங்கின. ஒரு சின்னக் குடம் அளவு. வெள்ளை உடம்பில் சிவப்பு ரோஜா. அடியில் கம்பிச் சுருள், மேலே மூடி, கழற்றி மாட்டும் வயர். குளிக்க, தேநீர் போட, குழந்தைக்குப் பால் கரைக்க, எதற்கும் ஆகும். தண்ணீர் கொதித்ததும் தானாக அணையும் என்று அட்டைப்பெட்டியில் நாலு மொழியில் அச்சிட்டிருந்தது. நாலு மொழியிலும் பிழை. அதைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாய் ஓட்டிப் பார்த்து வாங்குகிறவர்தான். ஆனால் சரக்கு வந்த அன்று கரண்ட் இல்லை. கரண்ட் வந்த அன்று கடை நிறையக் கூட்டம்.

முதல் ஹீட்டரை வாங்கியவளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கன்னம் நிறையத் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய இளம்பெண். இரண்டு கையிலும் காய்கறிப் பை, ஆகவே குடையின் கொக்கியைப் பல்லில் கவ்விக்கொண்டிருந்தாள். குடையை எடுக்காமலே, உதட்டோரத்தால், "நிஜமாத் தானா அணையுமா?" என்று கேட்டாள். பாய் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "தங்கச்சி, இந்த ஊர்ல தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடி கரண்டே அணைஞ்சிடும். ஹீட்டர் எதுக்கு அணையணும்?"

மீ லாபீ

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊரில் முறை வைத்துக் கரண்ட் விடுகிறார்கள். ஆனால் அந்த முறை எங்களுக்கும் தெரியாது, கரண்டுக்கும் தெரியாது. ஆகவே கரண்ட் போனால் யாரும் சுவிட்சை அணைப்பதில்லை. விளக்கு, விசிறி, சோற்றுப் பானை எல்லாம் போட்டது போட்டபடி இருக்கும். எது முதலில் உயிர் பெறுகிறதோ அதைப் பார்த்து, "மீ லாபீ", கரண்ட் வந்தாச்சு, என்று ஒரு வீட்டில் கத்துவார்கள். அடுத்த நொடி தெருவே கத்தும். திருவிழாவில்கூட எங்கள் தெரு அப்படி ஒரே குரலில் பாடி நான் கேட்டதில்லை.

அப்படித்தான் ஒரு குடும்பம் ஹீட்டரைச் சுவிட்சோடு விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போனது. போகிற அவசரத்தில் உள்ளே இருந்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆள் இல்லாத வீட்டுக்குக் கரண்ட் வந்தது, காலி ஹீட்டர் காய்ந்து சிவந்தது, தானாக அணையவில்லை. அடுப்படித் திரையும் சுவர்க் காலண்டரும் எரிந்ததோடு பக்கத்து வீட்டார் அணைத்துவிட்டார்கள். அதே மாதிரி இன்னும் சில வீடுகள். அதற்குமேல் அரசாங்கம் சும்மா இருக்குமா? ரோஜாப் பூ ஹீட்டரை இனி விற்கக் கூடாது. விற்றதையும் கடைக்காரரே திரும்ப வாங்கி ஆபீசில் ஒப்படைக்க வேண்டும், பௌர்ணமிக்குள்.

இதைச் சொல்ல வந்த அதிகாரி ஊ ஜோ மெலிந்த, சாந்தமான மனிதர். கையில் சீல் வைக்கும் துணிச்சுருள். மொத்த வியாபாரி எங்களுக்கு எத்தனை அனுப்பினார் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பாய் தேநீர் வரவழைத்தார், அவர் குடித்தார். பாய் கெஞ்சினார், அதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து, பாயின் பெயருக்கு முன்னால் பர்மிய மரியாதைக்கு ஓர் 'ஊ' சேர்த்துச் சொன்னார்: "எல்லாம் வந்துட்டா வணக்கம் சொல்லிட்டுப் போவேன், ஊ காசிம். ஒண்ணு குறைஞ்சாலும் சீல் வெச்சிட்டு, அப்பவும் வணக்கம் சொல்லிட்டுத்தான் போவேன்."

அணையாத இன்னொன்று

பாய் ஒரு யோசனை செய்தார். ஹீட்டரைக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு ஃபிளாஸ்க் என்று சொல்லிவிட்டார். சேதி பரவியதும் பாதி ஹீட்டர்கள் தாமாகவே வீடு திரும்பின. கூடவே, ஹீட்டர் வாங்காதவர்கள் பழைய இஸ்திரிப் பெட்டியையும் ஓட்டை விழுந்த கெட்டிலையும் எடுத்துவந்து, "இதுக்கும் ஃபிளாஸ்க் உண்டா?" என்று கேட்டார்கள். வராத வீடுகளுக்கு நான் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறிப் போனேன். எங்கள் கடையில் யார் என்ன வாங்கினார் என்பது என் தலையில்தான் இருக்கிறது. முகம் மறக்காது, அது ஒரு வியாதி.

போட்டாதாங் படகுத்துறையில் டோ சேன் முட்டை அவித்து விற்கிறாள். எங்கள் ஹீட்டரில்தான் அவிக்கிறாள். பக்கத்துக் கிடங்கிலிருந்து வயர் இழுத்திருந்தாள். படகு வந்து நிற்பதற்கும் கிளம்புவதற்கும் நடுவே ஒரு ஈடு வெந்துவிடும். நான் சட்டத்தைச் சொன்னேன், தீயைச் சொன்னேன், திரை எரிந்த கதையைச் சொன்னேன். கைக்கரண்டியால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே, "நான் பக்கத்துலயே நிக்கறேனே, என்னை மீறி எரியுமா?" என்றாள். சூடானால் இது தானாக அணைவதில்லை, அதுதான் இதன் கோளாறு என்று கடைசியாகக் குரலை உயர்த்தினேன். டோ சேன் கரண்டியை நிறுத்தினாள். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி உலகத்தையே திட்டிக்கொண்டிருந்த தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு துறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "சயாமா, சூடானா தானா அணையாததையெல்லாம் அரசாங்கம் திருப்பி எடுத்துக்குதுன்னா, முதல்ல இவரை ஏத்திக்கிட்டுப் போங்க. ஃபிளாஸ்க்கூட வேண்டாம்."

பானை ஊருக்குப் போன ஹீட்டர்

ஒரு பர்மிய அம்மாள் ஹீட்டரை வாங்கிய கையோடு த்வாண்டேயில் உள்ள ஒரு மடத்துக்குத் தானம் செய்திருந்தாள். ஊரெல்லாம் பானை வனைகிற இடத்துக்குத் தண்ணீர் காய்ச்ச ஹீட்டர் கொடுத்த புண்ணியவதி. "திருப்பிக் கேட்டு வாங்கி வாருங்கள்" என்றதும் காதைப் பொத்திக்கொண்டாள். பிக்குவுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால், கொடுத்த புண்ணியம் போவதோடு புதிதாகப் பாவமும் சேருமாம். மடம் எரிந்தால் என்ன சேரும் என்று கேட்டேன். அதை அவள் யோசித்திருக்கவில்லை, யோசிக்கவும் விரும்பவில்லை.

பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. நானே ஆற்றைக் கடந்து, வண்டி பிடித்துப் போனேன். கையில் ஒரு பை, பைக்குள் ஃபிளாஸ்க். மரத்தால் ஆன மடம். தூண், தரை, ஏணி எல்லாம் எண்ணெய் குடித்த தேக்கு. அதன் நடுவில், காய்ந்த ஓலை விசிறிகளுக்குப் பக்கத்தில், எங்கள் ரோஜா. மடத்துத் தலைவரான வயதான பிக்கு, சயாடோ, பாயில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் தேவாலயத்துக்குப் போகிறவள். மண்டியிடத் தெரியும், ஆனால் என்ன சொல்லி மண்டியிடுவது என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்: இது எரியும், ஆனால் என்னால் கேட்க முடியாது, கேட்டால் அந்த அம்மாளுக்குப் பாவம்.

சயாடோ ஹீட்டரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க கேட்டாத்தானே பாவம்? நான் வேண்டாம்னு விட்டா அது துறவு" என்றார். பிறகு ஹீட்டரை இரு கையாலும் தூக்கி என் முன்னால் வைத்து, "டகாமா, இதை உங்களுக்குக் கொடுக்கிறேன்" என்றார். தானம் செய்யும் பெண்களை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். தானம் வாங்க வந்த என்னையும் அப்படியே அழைத்தார். நான் கண் கலங்கி, பையை மறந்து, ஏணி வரை போய்விட்டேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "எனக்கு இது வேணும்னு கேக்கக் கூடாதுன்னு எங்களுக்கு விதி இருக்கு, டகாமா. அந்தப் பையில என்ன இருக்குன்னு பார்க்கக் கூடாதுன்னு விதி இல்லை."

கயிற்றில் இறங்கியவை

பபேடானில் மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் கயிறு தொங்கும். கீழ்முனையில் ஒரு கிளிப், மேல்முனையில் ஒரு மணி. தினத்தாளோ தேநீரோ மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் இழுத்துக்கொள்வார். ஆறாவது மாடியில் சூசை அண்ணன் தனியாக இருக்கிறார். மூட்டு வலி, படியிறங்குவதில்லை. மகன்கள் இருவரும் வெளிநாட்டில். எனக்கும் படியேற முடியாது. மணி அடித்து, அண்ணாந்து, "அண்ணே, ஹீட்டரை அனுப்புங்க" என்று கத்தினேன். கயிற்றில் ஹீட்டரின் அட்டைப்பெட்டி இறங்கி வந்தது. திறந்தால் காலி.

மறுநாள் போய் மணி அடித்தேன். வயர் வந்தது. அதற்கு மறுநாள் மூடி. "என்ன அண்ணே இது? மொத்தமா அனுப்பக் கூடாதா? பௌர்ணமி கிட்ட வந்துடுச்சு, கடைக்குச் சீல் வெச்சிடுவாங்க" என்று கத்தினேன். "கயிறு பழசு தங்கச்சி, பாரம் தாங்காது" என்று மேலிருந்து பதில். அந்தக் கயிற்றில் அரிசி மூட்டை ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சில நாட்களாக அவர் சட்டை மாற்றி, தலை வாரி, பால்கனியில் நாற்காலி போட்டு எனக்காகக் காத்திருந்தார் என்பதையும் பார்த்தேன். அதனால் கோபித்துக்கொள்ள வாய் வரவில்லை.

ஒரு காலையில் ஹீட்டர் உடம்பும் இறங்கியது, ரோஜாவோடு, மெதுவாக, ஒவ்வொரு பால்கனியையும் விசாரித்துக்கொண்டு. மேலே அவர் முகம் சுருங்கியிருந்தது. நான் ஃபிளாஸ்க்கை எடுத்தேன். அதன் தக்கையை மட்டும் கழற்றி, கிளிப்பில் மாட்டி, மணி அடித்தேன். அவர் இழுத்து, கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிச்சம் எங்கே?" என்றார். "கயிறு பழசுண்ணே, பாரம் தாங்காது" என்றேன். ஆறு மாடி உயரத்திலிருந்து அவர் சிரித்தது தெரு முனை வரை கேட்டது: "அப்படியே ஆகட்டும் தங்கச்சி. எனக்கு அவசரமே இல்லை!"

விதி எண் இல்லாத விதி

டோ சேனுடையது உட்பட எல்லாம் வந்தன, ஒன்றைத் தவிர. குடையைப் பல்லில் கவ்வியவள் மட்டும் கிடைக்கவில்லை. மார்க்கெட்டில் தேடினேன், பஸ் நிறுத்தத்தில் நின்றேன், குடை பிடித்த பெண்களையெல்லாம் உற்றுப் பார்த்து ஒரு சிலரிடம் திட்டும் வாங்கினேன். விடிந்தால் பௌர்ணமி. பாய் விசிறிகளையும் மிக்சிகளையும் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார். என் நாற்காலி மேலும் ஒரு சாக்கு இருந்தது. "டீச்சரம்மா, ஆபீசுக்குப் போய் இன்னும் கொஞ்சம் தவணை கேட்டுப் பாப்போம். நீங்க அழுதா ஒருவேளை இரங்குவாரு" என்றார். எனக்கு அழ வராது. ஆனால் முகமே பார்ப்பதற்கு அழுதது மாதிரிதான் இருக்கும் என்பதால் கூடப் போனேன்.

ஆபீசில் அப்போதுதான் கரண்ட் போயிருந்தது. ஊ ஜோ பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு எங்கள் மன்றாட்டைக் கேட்டார். "விருந்தாளிக்குத் தேநீர் கொடும்மா" என்று உள்ளே குரல் கொடுத்தார். ஓர் எழுத்தர் பெண் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். கன்னம் நிறையத் தனாக்கா. கதவுக்குப் பின்னால் அந்தக் குடை. கோப்பு அலமாரிக்குப் பக்கத்தில், ஜன்னல் திரைக்குக் கீழே, எங்கள் ரோஜா. ரோஜாவின் மேல் வெள்ளைச் சாயத்தில் ஆபீஸ் எண் எழுதியிருந்தது.

பாய் துள்ளி எழுந்து, "அதான்! அதான் கடைசி!" என்றார். ஊ ஜோ திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது ஹீட்டராகவே இதுவரை தெரிந்ததில்லை என்று நினைக்கிறேன்; அது அவருக்குத் தேநீர் வரும் திசை, அவ்வளவுதான். முகம் சிவந்தது. பிறகு மெல்ல வெளுத்தது. "அதை எடுக்க முடியாதே. எண் போட்டாச்சு. அரசாங்கச் சொத்து. மேலிடத்து உத்தரவு இல்லாம வாசலைத் தாண்டாது" என்றார்.

"ஆனா அது வராட்டி எங்க கடைக்குச் சீல்."

"ஆமாம்" என்றார் ஊ ஜோ, மனம் நொந்து. "அதுவும் விதிதான்."

நான் சயாடோவின் கதையைச் சொன்னேன். அவர் எப்படி வேண்டாம் என்று விட்டார், யாருக்கும் பாவம் சேராமல் எப்படி முடித்தார் என்று. ஊ ஜோ கைகூப்பிக் கேட்டார். "சயாடோ எல்லாத்தையும் துறந்தவர். நான் பென்ஷன் வாங்க வேண்டியவன்" என்றார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை, விதிகள்கூடக் கெட்டவை இல்லை, இரண்டும் சேரும் இடத்தில்தான் என் நாற்காலி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தெருவில் ஒரு குரல்: "மீ லாபீ!" அடுத்து நூறு குரல். தலைக்கு மேல் விசிறி முனகிச் சுழன்றது. பாய்கூட, துக்கத்தின் நடுவிலும், "மீ லாபீ" என்றார். நாங்கள் மூவரும் விசிறியை அண்ணாந்து காற்று வாங்கினோம். முதலில் மூக்கைச் சுளித்தவள் நான்தான். கடைசிச் சொட்டு வெந்நீரும் எங்கள் கோப்பைகளில் இருந்தது. ஊர் வழக்கப்படி சுவிட்ச் அணைக்கப்படவில்லை. திரும்பினால் ரோஜா பழுப்பாகி, கருப்பாகியிருந்தது; ஜன்னல் திரையின் ஓரத்தை ஒரு சின்னத் தீ நாக்கு நக்கிக்கொண்டிருந்தது.

எழுத்தர் பெண் ஓடிப்போய் சுவிட்சை அடித்தாள். ஊ ஜோ சுவரில் தொங்கிய சிவப்புத் தீயணைப்பு வாளியைப் பிடுங்கினார். அதில் மணல் இல்லை, பல வருட வெற்றிலை எச்சில் காய்ந்து கிடந்தது. பாய்தான் லோஞ்ஜியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரையைக் கிழித்துக் கீழே போட்டு, ஏறி மிதித்தார். நான் மூன்று கோப்பைத் தேநீரையும் அதன்மேல் ஊற்றினேன். கோப்புகள் தப்பின. நாங்களும் தப்பினோம். நடுவில் ஹீட்டர், ரோஜாவும் எண்ணும் கருகி, நெளிந்து, புகைந்துகொண்டு நின்றது.

ஊ ஜோ குனிந்து ஹீட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மெல்ல, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வருவதுபோல, அவர் முகத்தில் ஒளி வந்தது. எரிந்து பாழான அரசாங்கச் சொத்தைக் கழித்துக்கட்டி வெளியே கொடுக்க விதி இருக்கிறது என்றார். அதற்கு மேலிடம்கூட வேண்டாமாம், அவரே போதும். ஹீட்டரை ஒரு பழைய தினத்தாளில் சுற்றி, பாயின் கையில் கொடுத்து, அதே கையிலிருந்து விதிப்படி மறுபடி வாங்கிக்கொண்டார். எங்களை வாசல் வரை கொண்டுவந்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்தபடி, வணக்கம் சொன்னார்: "நல்ல வேளை எரிஞ்சுது, சயாமா. எரியாம மட்டும் இருந்திருந்தா, நாளைக்கு உங்க கடையை மூடியிருப்பேன்."

தானாக அணையும் என்று சொல்லி விற்றோம், அணையவில்லை; ஆனால் வேண்டிய நேரத்தில் தானாக எரிந்து, என் நாற்காலியை எனக்கே மீட்டுக் கொடுத்தது.